பயிற்சிப் பள்ளிக்கு இரட்டை என்ஜின் விமானம்: தேர்வும் பராமரிப்பும்

1. முதலில் எரிபொருள்

விமானத்தின் விலையைக் கேட்குமுன், உங்கள் ஓடுதளத்தில் எந்த எரிபொருள் தடையின்றிக் கிடைக்கிறது என்று பாருங்கள். பைப்பர் செமினோலின் இரண்டு லைகாமிங் 360 என்ஜின்களுக்கும் (தலா 180 குதிரைத்திறன்) அவ்காஸ் எனும் விமான பெட்ரோல் வேண்டும். இந்தியாவில் அது எல்லா விமான நிலையத்திலும் இருக்காது. டயமண்ட் டிஏ42, ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ1-இல் ஓடும். டெக்னம் பி2006டி-யின் ரோட்டாக்ஸ் என்ஜின்கள் கார் பெட்ரோலையும் ஏற்கும். ஆனால் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பங்க்குகளில் வருவதோ 20 சதவீதக் கலப்பு.

மலிவாகக் கிடைக்கும் பழைய டிஏ42 என்றால் எந்த என்ஜின் என்று கேளுங்கள். முதலில் வந்த தீலர்ட் 1.7 டீசலின் கியர்பாக்ஸுக்கு 300 மணிக்கொருமுறை செலவு. 2008-இல் அந்த நிறுவனம் திவாலானபோது உதிரிபாகங்களுக்குத் திண்டாட்டம். ஆஸ்ட்ரோ ஏஇ300 உள்ளதையே தேடுங்கள்.

இனி வருவது செமினோலுக்கானது.

2. லாக்புக் (ஓடிய மணியும் செய்த வேலையும் எழுதும் பதிவேடு)

குறைந்த மணி ஓடியது என்பதற்காக மயங்காதீர்கள். லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருப்பதால், வண்டி சும்மா நின்றால் ஆயில் வடிந்து துரு ஏறும். 400 மணி ஓடி வருடக்கணக்கில் நின்றதைவிட, 1,400 மணி விடாமல் பறந்தது மேல். என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு வரம்பு 2,000 மணி அல்லது 12 வருடம்.

1979–82 மாடல்களில், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ இரண்டும் ஒரே கூட்டில், ஒரே டிரைவில் இருக்கும். டிரைவ் போனால் இரண்டும் போச்சு. பிந்தைய ஏ1எச்6 என்ஜினில் தனித்தனி.

3. கம்ப்ரஷன்

என்ஜின் சூடாக இருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று கொடுத்து, எவ்வளவு தங்குகிறது என்று பாருங்கள். 60-க்குக் கீழே வந்தால் காது கொடுங்கள்: சைலன்சரில் காற்றுச் சத்தம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங். போர்ஸ்கோப்பும் (உள்ளே விட்டுப் பார்க்கும் சிறு கேமரா) விட்டுப் பார்த்துவிடுங்கள்.

4. ஃபெதர்

ஒரு என்ஜின் நின்றால், காற்றைத் தடுக்காதபடி அதன் புரொப்பெல்லர் பிளேடுகளை விளிம்பு முன்னே பார்க்கத் திருப்புவதே ஃபெதர். பள்ளி விமானத்தில் அதிகம் அடிவாங்கும் இடம் இதுதான். ஆயில் அழுத்தம் பிளேடுகளை ஃபைன் பிட்சுக்கு (சாய்வு குறைந்த நிலைக்கு) தள்ளும். அழுத்தம் விட்டால் ஸ்பிரிங்கும் நைட்ரஜனும் ஃபெதருக்கு இழுக்கும். சுழற்சி சுமார் 950 ஆர்.பி.எம்.-க்குக் கீழே இறங்கினால் லாக் பின் விழுந்துவிடும், பிறகு ஃபெதர் ஆகாது. நைட்ரஜன் கசிந்து பிளேடு மந்தமாகத் திரும்பினால் ஆபத்து அங்கேதான்.

புரொப்பெல்லருக்கு உரிய அட்டவணைப்படி, அன்றைய வெப்பநிலைக்கு உரிய அழுத்தத்தை நிரப்புங்கள். காற்றே நிரப்புவதானால் துளி ஈரமும் கூடாது. ரன்-அப்பில் (பறக்குமுன் தரையில் என்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது) 1,500 ஆர்.பி.எம்.-இல் புரொப்பெல்லர் லீவரை இழுத்துச் சோதிக்கையில் 500-க்கு மேல் விழவிடாதீர்கள்.

5. வழக்கமான வேலை

50 மணிக்கொருமுறை ஆயிலும் ஃபில்டரும். பழைய ஃபில்டரை வெட்டி விரித்து, காந்தத்தில் ஒட்டும் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்னட்டோவை 500 மணியில் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

சக்கரங்களை மேலே பிடித்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே, பூட்டு கிடையாது. பறக்கும்போது பம்ப் அடிக்கடி ஓடினால் எங்கோ கசிகிறது.

உதிரிபாகம் வாங்கும்போது கவனம்: வலது என்ஜின் எதிர்ப்பக்கம் சுழல்வது. ஸ்டார்ட்டர், மேக்னட்டோ, வேக்வம் பம்ப் எதையும் இடதிலிருந்து கழற்றி மாட்ட முடியாது. ஸ்டோரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ரேக் வையுங்கள். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டும் பழக்கம் எல்லா ஹேங்கரிலும் உண்டு.