ரெஸ்யூமேயில் காணாமல் போன இரண்டு எழுத்துகள்

அக்கவுண்ட்ஸ் வேலைக்காக ஒரே மாதத்தில் 27 இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். ஓர் இன்டர்வியூ அழைப்புகூட இல்லை. முதலில் போட்டோவை எடுத்தேன். அப்புறம் மூன்று பக்கத்தை ஒன்றாகச் சுருக்கினேன். 'குறிக்கோள்' பத்தியை நாலு தடவை மாற்றி எழுதினேன் (அதை யாரும் படிப்பதில்லை என்பது என் கணிப்பு). பலன் பூஜ்யம்.

ஒரு கம்பெனியின் தளத்தில் ரெஸ்யூமேயை ஏற்றியதும் விவரங்கள் தானாக நிரம்பின. பார்த்தால், 'டாக்ஸேஷன்' நடுவே கிரேக்க எழுத்து மாதிரி ஏதோ ஒரு குறி! பிடிஎஃப்பில் இருந்ததை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் டி (t), ஐ (i) அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் இதே கதை. கலிப்ரி எழுத்துருவில் அந்த இரண்டும் ஒட்டி ஒரே வடிவமாகியிருந்தன. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் ரெஸ்யூமேக்களை வடிகட்ட 'ரீகன்சிலியேஷன்' (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) என்று தேடும் மென்பொருளுக்கு என் ரெஸ்யூமேயில் அந்தச் சொல்லே கிடையாது.

எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றி, பிரின்ட் வழியாகப் போகாமல் 'சேவ் ஆஸ்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கினேன். ஹெட்டரில் (பக்கத்தின் மேல் விளிம்பில்) இருந்த போன் நம்பரையும் கீழே உரைக்குள் இறக்கினேன். முன்பு நோட்பேடில் ஒட்டியபோது அது கடைசி வரியில் போய் விழுந்திருந்தது. மறுபடி ஒட்டிப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். அடுத்த பத்து நாளில் இரண்டு அழைப்புகள் வந்தன. அப்பாடா!