கடையில் நிற்கும் தம்பிமாருக்கு ஒரு விசயம்

போன கிழமை யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கடையில் அரைக் கிலோ உழுந்து கேட்டேன். பொடியன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பொதியைத் தள்ளிவிட்டான். மிச்சக் காசு 10 ரூபாய்க்கு இரண்டு டொபி. (எனக்குச் சீனி வருத்தம் வேறு!)

வேலை கூடிய நேரம் என்றால் சரி. நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்றால் எவ்வளவு நேரமும் நிற்போம். மிச்சக் காசை மேசையில் எறியாமல் எண்ணிக் கையில் கொடுங்கள். காலையில் கடை திறக்கும்போதே 5, 10 ரூபாய்க் குற்றிகளை மாற்றி வைத்தால் டொபிக்கே வேலையில்லை.

அப்புறம், பற்றுச்சீட்டுக் கேட்டால் முகம் சுழிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். அந்த அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு போனால் முதலாளிக்குத்தான் தலையிடி.