காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

காது கேளாத எங்கள் மகளுக்கு இரண்டரை வயதில் அறுவைச் சிகிச்சை மூலம் காக்ளியர் கருவி பொருத்தினோம். நான்கைந்து மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை முதல் கூப்பிட்டால் அவள் திரும்பாமல் போனாள். சத்தத்தை மின் துடிப்பாக மாற்றும் வெளிப்பகுதியான பிராசஸரில் விளக்கு எரிகிறதே, அடம்தான் பிடிக்கிறாள் என்று எண்ணி இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தலை பின்னும்போதுதான் கேபிள் உள்ளே நைந்துபோய், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் தொடர்பு கிடைப்பது தெரிந்தது. சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்ல அந்த வயதுக் குழந்தைக்கு வார்த்தை கிடையாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை வேலை பல் தேய்ப்பதில் அல்ல, கருவியைச் சோதிப்பதில்தான் தொடங்குகிறது.

இந்தக் கருவியில் தோலுக்கு அடியில் இருக்கும் ரிசீவரிலிருந்து, உட்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட காக்ளியாவுக்குள் ஒரு மெல்லிய மின்முனைக் கம்பி செல்கிறது. வெளியே மைக்கும் பிராசஸரும், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் ‘காயில்’ (coil) என்ற வட்டும், அவற்றை இணைக்கும் கேபிளும் இருக்கின்றன. காது கேட்கும் கருவி சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிறது; இதுவோ சத்தத்தை மின் துடிப்பாக மாற்றிக் கேட்கும் நரம்புக்கு நேரடியாக அனுப்புகிறது. ஆகையால் காயில் நழுவினால், இயல்பாகக் கேட்கும் திறன் மிச்சமில்லாத குழந்தைக்குக் குக்கர் விசில்கூடக் கேட்காது.

காலையில் பேட்டரி, கேபிள், மைக் மூடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, காது கேளாத குழந்தைகளின் பேச்சுப் பயிற்சி வல்லுநர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனையைச் செய்யுங்கள். ‘ம்’, ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’, ‘ஷ்’, ‘ஸ்’ ஆகிய ஆறும் சேர்ந்து, பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை ஏறக்குறைய முழுவதையும் தொட்டுவிடுகின்றன. குழந்தை உங்கள் உதட்டைப் பார்க்காதபடி பக்கவாட்டிலோ பின்னாலோ உட்கார்ந்து, வழக்கமான குரலில், வரிசையையும் இடைவெளியையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னால் ‘ஸ்’ மங்கிவிடும். நாங்கள் ஒரு கிண்ணமும் பத்துப் புளியங்கொட்டையும் வைத்திருந்தோம். ஒலி கேட்டதும் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும் என்பது விளையாட்டு. கொட்டையை வாயில் போடுகிற வயதென்றால் பெரிய கட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையிடம் கண் விரிவதும், பால் குடிப்பதைச் சற்று நிறுத்துவதுமே பதில். மற்ற ஐந்தும் கேட்டு ‘ஸ்’ மட்டும் இரண்டு நாள் தவறினால், தேதியோடு குறித்துக்கொண்டு, கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள். தமிழுக்கு ‘ஸ்’ எதற்கு என்று ஓர் உறவினர் என்னிடம் கேட்டார். ‘சோறு’, ‘சாவி’ என்று சொல்லும்போது நம்மில் பலர் வாயிலிருந்து வருவது அந்த ஒலிதான்.

கருவிக்குப் பெரிய எதிரி ஈரம். இரவில் பிராசஸரை அதற்கான உலர்பெட்டியில் வையுங்கள். கடலோர ஊர்களில் இதை ஒரு நாளும் விடக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கருவியைத் தொடாதீர்கள், ஏனெனில் மைக் துளையில் எண்ணெய் இறங்கினால் சத்தம் மந்தமாகும். வாரம் ஒருமுறையாவது காயில் ஒட்டும் இடத்தைப் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் காந்தத்தின் வலுவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு ரிசீவர் இருக்கும் மேட்டை நாவிதரின் விரலாலேயே தொட்டுக் காட்டிவிட்டுக் கத்தியை எடுக்கச் சொல்லுங்கள்.

குழந்தை விழித்தது முதல் தூங்கும் வரை, குளிக்கும் நேரம் தவிர, கருவி தலையில் இருக்க வேண்டும். பிடுங்கி எறிந்தால் முகம் சுளிக்காமல் திரும்ப மாட்டுங்கள். கயிறு கோத்துச் சட்டையில் கிளிப் போட்டுவிட்டால் தொலையாது. ஆனால் இத்தனை நாள் சமர்த்தாகப் போட்டிருந்த குழந்தை திடீரென மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கும். மேப்பிங்கில், அதாவது குழந்தைக்கு ஏற்ப மின் துடிப்பின் அளவைக் கணினியில் சரிசெய்வதில், அளவு கூடியிருக்கலாம், காந்தம் அழுத்தலாம், காதில் சீழ் பிடித்திருக்கலாம். முதல் ஆண்டில் மேப்பிங் பலமுறை தேவைப்படும். ஒவ்வொரு முறையும் எந்த ஒலிக்குத் திரும்பினாள், எதற்குக் கண் சிமிட்டினாள் என்று நீங்கள் எழுதிக் கொண்டுபோகும் தாள்தான் ஆடியாலஜிஸ்டுக்கு நல்ல துணை.

கேட்கும் வயது கருவியை இயக்கிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கேட்கும் வயது ஆறு மாதமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை இந்தக் கணக்கு தெரிந்தவுடன் நிறுத்திவிட்டேன். எதையும் முதலில் காதுக்குக் கொடுங்கள், பிறகு கண்ணுக்குக் காட்டுங்கள். மிக்ஸி ஓடும்போது காதைத் தொட்டு, ‘கேக்குதா? என்ன சத்தம்?’ என்று கேட்டுவிட்டு, ஐந்தாறு நொடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, அதன் பிறகு அடுக்களைக்கு அழைத்துப் போங்கள். இந்தக் காத்திருப்புதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. குழந்தை ‘தண்ணி’ என்றால், ‘தண்ணி வேணுமா? சொம்புல தண்ணி இருக்கு, டம்ளர்ல ஊத்தலாமா?’ என்று நீட்டிச் சொல்லுங்கள். தமிழில் பொருள் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. ‘பெட்டியை’, ‘பெட்டிக்கு’, ‘பெட்டியில்’ என்பவற்றின் ஈறுகள் பேச்சில் தேய்ந்து ஒலிப்பதால், குழந்தைக்கு ‘பெட்டி’ மட்டுமே எட்டும். பந்தைப் பெட்டிக்குள், பெட்டிமேல், பெட்டிக்குப் பின்னால் என்று மாற்றி ஒளித்து விளையாடினால் ஈறு காதில் ஏறும்.

கருவி ஒலியின் கால அளவை நன்றாகக் காட்டும்; நுண்ணிய வேறுபாடுகளில் தடுமாறும். ஆகவே ‘கல், கால்’, ‘படம், பட்டம்’ போன்ற இணைகளில் தொடங்குங்கள். ல, ள, ழ வேறுபாடு காதில் நிற்கப் பல நாள் பிடிக்கும். நன்றாகக் கேட்கும் பிள்ளைகளே ழகரத்தைத் தாமதமாகத்தான் பிடிக்கிறார்கள்.

நம் வீடுகள் மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையுமாக எதிரொலிப்பவை. போதாக்குறைக்கு மின்விசிறியும் டிவியும். பேசும் நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு, குழந்தைக்கு அருகே தரையில் உட்கார்ந்து பேசுங்கள். தூரம் பாதியானால் திறந்த வெளியில் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். கத்துவதைவிட நெருங்குவது எளிது. பள்ளியிலும் இதே கணக்குதான்: விசிறிக்கும் சன்னலுக்கும் விலகிய முன் வரிசை வேண்டும், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்குத் தங்குதடையின்றி வரும் மொழியில் பேசுங்கள். பாட்டியோடு பேச முடியாத பேச்சை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்? சைகைக்கும் பயப்பட வேண்டியதில்லை. குளியலறையிலும் கடற்கரையிலும் கருவி இல்லாதபோது, குழந்தை உங்களிடம் எதையாவது சொல்லியாக வேண்டுமே.

தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. வாரண்டி எத்தனை ஆண்டு, கேபிளும் காயிலும் என்ன விலை என்பதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டு, மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்குங்கள். ஒரு கேபிளாவது கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். இந்தக் கருவி பொருத்தியவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து சற்று அதிகம் என்பதால் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று உறுதி செய்யுங்கள். காய்ச்சலோடு வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவியின் அடையாள அட்டையைக் காட்டாமல் எடுக்கக்கூடாது.

குழந்தைக்குச் சில சொற்கள் வந்ததும், காயிலை நீங்களே மெல்ல எடுத்துக் கையை விரித்துக் காட்டுங்கள். திரும்ப மாட்டியதும் ‘அப்ப கேக்கல! இப்ப கேக்குதா?’ என்று சொல்லுங்கள். தினமும் ஓரிருமுறை இதை விளையாட்டாகச் செய்தோம். இரண்டாவது கேபிள் பழுதான அன்று, சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவந்து, காயிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, ‘கேக்கல’ என்றாள்.