பிளேயருக்குள் சிக்கிய வில்லுப்பாட்டு

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் அப்பா பதிவு செய்த வில்லுப்பாட்டு முழுவதும் அவருடைய பழைய மியூசிக் பிளேயரில்தான் இருந்தது. புது லேப்டாப்பில் செருகினால், அதற்கென்றே உள்ள மென்பொருள் 'இது வேறு கணினியோடு இணைந்தது, அழித்துவிட்டுத் தொடரவா?' என்றது. டிரைவைத் திறந்தால் பாட்டு ஒன்றும் இல்லை. ஆனால் 12 ஜிபி நிரம்பியிருந்தது.

மென்பொருளை மூன்று முறை நிறுவினேன். நாகர்கோவில் போய்ப் புது கேபிள் வாங்கினேன். நான்கு நாள் போனது. "மக்களே, பாட்டு கெடைக்குமா?" என்று அப்பா தினமும் கேட்டார்.

விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னதும் ஒரு ஃபோல்டர் தெரிந்தது. உள்ளே எல்லாம் பொருளில்லாத நான்கெழுத்துப் பெயர்கள். குப்பை என்று மூடப் போனேன், அவைதான் பாட்டுகள்! மென்பொருள் கோப்பின் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தது. அப்பா தட்டச்சு செய்த தலைப்பு, கோப்புக்குள்ளேயே பாட்டின் விவரம் பதிந்திருக்கும் டேக்கில் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் லேப்டாப்பில் நகலெடுத்து, எம்பி3டேக் நிரலில் டேக்கைக் கொண்டே பெயர்களை மாற்றினேன்.

அப்புறம் பிளேயரை இயக்கும் சொந்த நிரலுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் என்ற மாற்று நிரலைப் போட்டேன். பிளேயரின் பழைய நிரல் தன் தரவுத்தளத்தில் பதிந்ததை மட்டும் பாடும். ராக்பாக்ஸ் ஃபோல்டரை நேராகவே படிக்கும். பிளேயரின் டிஸ்க், விண்டோஸ் படிக்கும் ஃபேட்32 வடிவில் இருந்தால் சரி. இப்போது இழுத்துப் போட்டாலே பாடுகிறது. இன்னொரு நகல் பென்டிரைவில் இருக்கிறது.