உள்நுழைவுப் பகுதிக்குத் தானியங்கிச் சோதனை அமைப்பது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உள்ள ஒரு கமிஷன் கடையின் வலைச்செயலியை நான் பராமரித்து வருகிறேன். பூ கொண்டுவரும் விவசாயிகள் தங்கள் வரவையும் அன்றைய விலையையும் நிலுவையையும் அதில் பார்த்துக்கொள்வார்கள். சொந்தக் கைபேசி இல்லாதவர்களுக்காகக் கடை மேசையில் ஒரு பொதுக் கைபேசி இருக்கும். ஒருவர் பார்த்து முடித்து வெளியேறியதும் அடுத்தவர் தம் எண்ணைத் தட்டுவார். ஒருமுறை நான் செய்த சிறு திருத்தம் ஒன்றால், 'வெளியேறு' பொத்தான் திரையை மட்டும் மாற்றியது. சர்வரில் இருந்த அமர்வு, அதாவது இவர் உள்நுழைந்திருக்கிறார் என்ற பதிவு, அழியவில்லை. முந்தைய பக்கத்துக்குப் போகும் பொத்தானை அழுத்திய அடுத்த விவசாயிக்கு முன்னவருடைய நிலுவைத் தொகை தெரிந்துவிட்டது. உள்ளே நுழைய முடிகிறதா என்று கையால் சோதித்திருந்த நான், வெளியேறிய பிறகு கதவு உண்மையிலேயே சாத்தப்படுகிறதா என்று சோதிக்கவில்லை. அதன்பின், நிரலை மாற்றும்போதெல்லாம் இவற்றைத் தானாகவே சோதிக்க நான் அமைத்துக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். நிரலைச் சேமிக்கும் களஞ்சியம் கிட்ஹப் என்ற தளத்திலும் தரவுகள் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிரலாக்க மொழி எதுவானாலும் படிகள் இவைதாம்.

படி 1: எவையெல்லாம் மறுக்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள்

நிரலைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான கடவுச்சொல், பதிவே செய்யாத எண், காலாவதியான அமர்வு, வெளியேறிய பின் வரும் பழைய குக்கீ (அமர்வை அடையாளம் காட்ட உலாவி அனுப்பும் சிறு தரவு), ஏற்கெனவே பயன்படுத்திய கடவுச்சொல் மீட்பு இணைப்பு, பிறருடைய கணக்குப் பக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சர்வர் என்ன பதில் தர வேண்டும் என்று எதிரே குறியுங்கள். உள்நுழையாதவருக்கு 401, உள்நுழைந்தும் உரிமை இல்லாதவருக்கு 403 என்ற பதில் எண்ணைத் தருவது வழக்கம். தவறான கடவுச்சொல்லுக்கும் பதிவு செய்யாத எண்ணுக்கும் ஒரே செய்திதான் வர வேண்டும். இல்லையென்றால் எந்தெந்த எண்கள் பதிவாகியுள்ளன என்பதை வெளியாள் ஒருவர் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்.

படி 2: சோதனைக்கெனத் தனித் தரவுத்தளம் அமையுங்கள்

உண்மையான பயனர்களின் தரவை நகலெடுத்துச் சோதிக்கவே கூடாது. ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய பயனரைத் தானே உருவாக்கி, முடிவில் அழித்துவிட வேண்டும். கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவில் மாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட் முறையைப் பயன்படுத்தினால், அதன் வேலையளவைத் தீர்மானிக்கும் செலவு எண் ஒன்று கூடும்போதெல்லாம் வேலை இரு மடங்காகும். ஆகவே சோதனைச் சூழலில் மட்டும் அதை 10இலிருந்து 4ஆகக் குறைத்தால் வேலை 64 மடங்கு குறையும். அந்த 4 தவறியும் உண்மையான சர்வருக்குப் போய்விடாதபடி காக்க, அதற்கும் ஒரு சோதனை எழுதிவிடுங்கள்.

படி 3: சோதனைகளை எழுதுங்கள்

வெளியேறும் சோதனையை எடுத்துக்கொள்வோம். உள்நுழைந்து, கிடைத்த குக்கீயின் மதிப்பை ஒரு மாறியில் பத்திரப்படுத்துங்கள். கணக்குப் பக்கம் 200 (வெற்றி) தருகிறதா என்று பாருங்கள். வெளியேறுங்கள். பிறகு, பத்திரப்படுத்திய அதே பழைய குக்கீயை நீங்களே மீண்டும் அனுப்பி, 401 வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசி வரியில்தான் பலர் தவறுகிறார்கள்: சோதனைக் கருவி வெளியேறும்போது குக்கீயைத் தானே அழித்துவிடுவதால், சர்வரில் அமர்வு உயிரோடு இருந்தாலும் சோதனை பச்சை (வெற்றி) காட்டும். அதேபோல், உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் 302 பதிலைக் கருவி தானாகப் பின்தொடர்ந்தால், முடிவில் 200 கிடைத்து உங்களை ஏமாற்றும். திருப்பிவிடலைப் பின்தொடரும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

அமர்வு 30 நிமிடத்தில் காலாவதியாக வேண்டுமென்றால், சோதனையை 30 நிமிடம் காக்க வைக்க வேண்டியதில்லை. நேரத்தைக் கேட்கும் செயற்கூற்றை வெளியிலிருந்து மாற்றும்படி எழுதி, 29ஆம் நிமிடத்தில் அனுமதியும் 31ஆம் நிமிடத்தில் மறுப்பும் வருகின்றனவா என்று பாருங்கள்.

படி 4: தமிழில் கடவுச்சொல் கொடுத்துப் பாருங்கள்

ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதிக்கும் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது; நம் பயனர்களுக்கோ இது மிகவும் தேவை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ('பொ' என்பதில் 'ப' ஒரு குறி, ஒகரக் குறி இன்னொன்று) 3 பைட் எடுக்கும். 'பொற்றாமரைக்குளம்தெற்குவாசல்' என்ற கடவுச்சொல்லில் 27 குறிகள், அதாவது 81 பைட். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. சில நூலகங்கள் அங்கேயே பிழை காட்டும். சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டும் நூலகத்தில், கடைசி 'சல்' இல்லாமல் 'பொற்றாமரைக்குளம்தெற்குவா' என்று தட்டினாலும் கதவு திறந்துவிடும். இந்த இரண்டையும் கொடுத்து, இரண்டாவது மறுக்கப்பட வேண்டும் என்று சோதனை எழுதுங்கள். அது தோற்றால், நீளமான கடவுச்சொல்லைப் பதிவின்போதே தெளிவான செய்தியுடன் மறுக்கலாம், அல்லது இந்த நீள வரம்பு இல்லாத ஆர்கான்2 முறைக்கு மாறலாம்.

இன்னொன்றும் உண்டு. 'பொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகளோ வேறு. ஒரு விசைப்பலகையில் பதிவு செய்தவர் வேறொன்றில் தட்டும்போது, சரியான கடவுச்சொல்லுக்கே மறுப்பு வரக்கூடும். பதிவின்போதும் உள்நுழைவின்போதும் உள்ளீட்டை, இத்தகைய குறிகளை ஒன்றாக இணைக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, இரு வடிவங்களிலும் உள்நுழைய முடிகிறதா என்று சோதியுங்கள்.

படி 5: பைப்லைனை அமையுங்கள்

பைப்லைன் என்பது சோதனைகளைத் தானாக ஓட்டும் படிவரிசை. களஞ்சியத்தில், புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் (.github) கோப்புறைக்குள் வொர்க்ஃப்ளோஸ் (workflows) என்ற கோப்புறையை உருவாக்கி, அந்தப் படிகளை எழுதிய ஒரு யாம்ல் (YAML) கோப்பை அதில் வையுங்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (நிரல் மாற்றத்தைக் களஞ்சியத்துக்கு அனுப்புதல்) புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (அந்த மாற்றத்தை முதன்மைக் கிளையில், அதாவது நிரலின் மூலப் பதிப்பில், இணைக்கக் கோருதல்) அது ஓடட்டும். போஸ்ட்கிரஸை ஒரு துணைச் சேவையாக அறிவித்து, அது தயாராகிவிட்டதா என்று பார்க்கும் நலச் சோதனையையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் தரவுத்தளம் எழும் முன்பே சோதனைகள் தொடங்கி, காரணம் புரியாமல் சில நாள்களில் மட்டும் தோற்கும். பிறகு நிரலை எடுத்தல், சார்பு நூலகங்களை நிறுவுதல், அட்டவணைகளை உருவாக்குதல், சோதனைகளை ஓட்டுதல் என்ற வரிசையில் எழுதுங்கள். டோக்கன் (பயனரை அடையாளம் காட்டும் சீட்டு) பயன்படுத்தினால், அதில் கையெழுத்திடும் சாவி சோதனைக்கென உருவாக்கிய போலிச் சாவியாகவே இருக்கட்டும்.

இரவிலும் ஒருமுறை ஓட வேண்டுமென்றால், தனியாக நேர வலயம் குறிக்காவிட்டால் கால அட்டவணை யுடிசி (உலகப் பொது நேரம்) நேரமாகவே கொள்ளப்படும் என்பதை மறக்காதீர்கள். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே இருக்கிறது. விடியலில் சந்தை கூடும் முன் முடிவு தெரிய வேண்டும் என்பதால் நான் 20:07 என்று எழுதியிருக்கிறேன். அது இங்கே அதிகாலை 1:37. மணி தொடங்கும் நொடியில் நெரிசல் மிகுந்து ஓட்டம் தாமதமாகலாம் என்பதால்தான் அந்த ஏழு நிமிடம்.

படி 6: முதன்மைக் கிளையைப் பூட்டுங்கள்

களஞ்சிய அமைப்புகளில் முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு விதி ஒன்றைச் சேர்த்து, இந்தச் சோதனை வெற்றி பெறாமல் மெர்ஜ் செய்ய (மாற்றத்தை இணைக்க) முடியாது என்று குறியுங்கள்.

இப்போது ஒரு புதிய கிளையில், வெளியேறும்போது அமர்வை அழிக்கும் அந்த ஒற்றை வரியை வேண்டுமென்றே நீக்கி, புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். வெளியேறும் சோதனை சிவப்பாக வேண்டும். மெர்ஜ் பொத்தான் அடைபட வேண்டும். பச்சையாகவே இருந்தால், படி 3க்குத் திரும்பி, பழைய குக்கீயை உண்மையில் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். சிவப்பானதும் அந்த வரியை மீண்டும் சேருங்கள்.