கேஸ்ட்லியைப் பிடித்து ஜெங்கார் ஆக்குவது எப்படி? ஃபயர்ரெட் விளையாடும் புதியவர்களுக்கு

முதல் தடவை லாவெண்டர் டவுனில் இருக்கும் போகிமான் டவருக்குள் கேஸ்ட்லி என்ற பேய்ப் போகிமானைத் தேடிப் போனபோது, பிடிப்பதற்கென்று என் பையில் பதினேழு பந்து இருந்தது. வெளியே வந்தபோது ஒன்றுகூட இல்லை. பிடித்த போகிமானும் இல்லை. கறுப்பாக ஓர் உருவம் வந்து நின்று "வெளியே போ" என்று மிரட்டியது. நான் பந்தை வீச வீச அது நழுவிக்கொண்டே இருந்தது. என் போகிமானோ பயந்துபோய் அசையவே மறுத்தது. கேம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆஃப் செய்துவிட்டுப் படுத்தேன்.

கேம் கெடவில்லை, நான்தான் வரிசை மாறிப் போயிருந்தேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. கேஸ்ட்லி முதலில் ஹாண்டர் ஆகும், பிறகு ஜெங்கார் ஆகும். 2004இல் வந்த ஃபயர்ரெட் என்ற போகிமான் கேமை வைத்து எழுதுகிறேன். அதன் ஜோடி கேமான லீஃப்கிரீன் வைத்திருப்பவர்களுக்கும் ஓரிடம் தவிர எல்லாம் பொருந்தும்.

படி 1: முதலில் கண்ணாடி, அப்புறம்தான் பேய்

அந்தக் கறுப்பு உருவத்தின் நிஜ முகம் தெரிய வேண்டுமானால் சில்ஃப் ஸ்கோப் என்ற கண்ணாடி கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் டவரில் எந்தக் காட்டுப் போகிமானையும் அடிக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. வந்தால் ஓடிவிடுங்கள், ஓட விடும்.

ஸ்கோப் இருப்பது செலடான் நகரில். லாவெண்டர் டவுனிலிருந்து மேற்கே ரூட் 8, அங்கே சுரங்கப்பாதை, ஏறினால் ரூட் 7, அடுத்தது செலடான். கேம் கார்னருக்குள் ஒரு போஸ்டர் முன்னால் டீம் ராக்கெட் என்ற வில்லன் கும்பலின் ஆள் ஒருவன் காவல் நிற்பான். அவனைத் தோற்கடித்துவிட்டுப் போஸ்டரைத் தொட்டால் பின்னால் இருக்கும் சுவிட்ச் அமுங்கும், ரகசியப் படிக்கட்டு திறக்கும்.

உள்ளே சுழற்றிவிடும் தரைக்கட்டங்கள் கொஞ்சம் தலைசுற்ற வைக்கும், பொறுமையாகப் போங்கள். அடித்தளத்தில் ஓர் ஆளைத் தோற்கடித்தால் லிஃப்ட் சாவி கிடைக்கும். அதை வைத்து லிஃப்டில் போனால் கும்பலின் தலைவர் ஜியோவானி. அவரிடம் ஆனிக்ஸ், ரைஹார்ன், லெவல் 29 கங்காஸ்கான். முதல் இரண்டுக்கும் தண்ணீரும் புல்லும் நாலு மடங்கு வலிக்கும். கங்காஸ்கான்தான் ஆளைப் படுத்தும், அதற்கு மருந்து மிச்சம் வையுங்கள். ஜெயித்ததும் அவர் மறைந்துவிடுவார், ஸ்கோப் தரையில் கிடக்கும். எடுக்க மறந்து வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்கோப்பைத் தனியாக இயக்க வேண்டியதில்லை. பையில் இருந்தாலே போதும்.

படி 2: ஒரு ஆடிஷ்

கேஸ்ட்லி பிடிக்க என் கணக்கில் இந்தப் புல் வகைப் போகிமானைவிட நல்ல துணை கிடையாது. செருலியனுக்கு மேலே ரூட் 24, 25இல் புல்லுக்குள் கிடைக்கும். லெவல் 18இல் எதிரியைத் தூங்க வைக்கும் ஸ்லீப் பவுடர் கற்றுக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதுதான். லீஃப்கிரீனில் ஆடிஷ் வராது, பெல்ஸ்ப்ரவுட் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஸ்லீப் பவுடர் போடும். புல்பசாரோடு ஆரம்பித்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 3: கடைக்குப் போங்கள்

கேஸ்ட்லியின் கேட்ச் ரேட், அதாவது எவ்வளவு சுலபமாகப் பிடிபடும் என்ற எண், 190. உச்சவரம்பு 255. பிகாச்சுவுக்கும் இதே 190தான். அதனால் சாதாரண பந்தே போதும், பத்து வாங்குங்கள். பயமாக இருந்தால் லாவெண்டர் கடையில் கிரேட் பால் கிடைக்கும், ஆனால் 600க்குத் தேவையில்லாத செலவு என்பேன். உங்கள் போகிமான் தூங்கிவிட்டால் எழுப்ப இரண்டு அவேக்கனிங் கட்டாயம் வையுங்கள்.

படி 4: மாடி ஏறுவது

இரண்டாவது மாடியில் உங்கள் போட்டியாளன் காத்திருப்பான். மூன்றாவது மாடியிலிருந்து பேய்கள். பேய் பிடித்து உளறிக்கொண்டு நிற்கும் பெண்களிடமும் கேஸ்ட்லி இருக்கும், ஆனால் அவர்களுடையதைப் பிடிக்க முடியாது. ஐந்தாவது மாடியில் தரையில் ஒரு புனித வட்டம் உண்டு. அதில் கால் வைத்தால் மொத்த டீமும் குணமாகிவிடும். அதைச் சுற்றியே வேட்டையாடுங்கள், கீழே இறங்கி ஏறும் வேலை மிச்சம்.

படி 5: பிடிக்கும் கணம்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கேஸ்ட்லி வந்ததும் டாக்கிள், ஸ்க்ராட்ச் என்று அடிக்கப் போகாதீர்கள். கோஸ்ட் வகை என்பதால் நார்மல், ஃபைட்டிங் இரண்டும் ஊடுருவிப் போய்விடும். மிதக்கும் லெவிடேட் திறன் வேறு இருப்பதால் கிரவுண்ட் தாக்குதலும் படாது. சைக்கிக் தாக்குதல் பட்டால் செத்தே போகும், அதற்கு அடிப்படை எச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, வெறும் 30.

முதல் வேலை, ஸ்லீப் பவுடர். அடித்துக் குறைத்துவிட்டுத் தூங்க வைக்கலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம். சில கேஸ்ட்லிகளுக்குக் கர்ஸ் என்ற சாபம் தெரியும். கோஸ்ட் வகை கர்ஸ் போட்டால் தன் முழு எச்பியில் பாதியைத் தானே இழக்கும். நீங்கள் எச்பி பட்டையைச் சிவப்புக்குக் கொண்டுவந்த நேரத்தில் அது கர்ஸ் போட்டால், தன்னைத்தானே வீழ்த்திக்கொண்டு போய்ச் சேரும். எனக்கு இரண்டு முறை நடந்தது. தூங்குகிற பேய் சாபம் விடாது.

தூங்கியதும் ஆடிஷின் புல் தாக்குதலான அப்சார்ப் போடுங்கள். புல் வகைத் தாக்குதல் பாய்சன் வகைமேல் பாதிதான் வேலை செய்யும், கேஸ்ட்லியில் பாய்சனும் கலந்திருக்கிறது. சாதாரணமாக இது நமக்கு எரிச்சல் தரும் விஷயம். இன்றைக்கு மட்டும் வரம். பட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அளவு மீறி அடித்து வீழ்த்திவிடும் பயம் இல்லை. போதாக்குறைக்கு ஆடிஷுக்கு எச்பி ஏறும்.

பட்டை மஞ்சளானதும் பந்தை வீசுங்கள். தூங்கும் போகிமானைப் பிடிக்கும் வாய்ப்பு இந்த கேமில் இரண்டு மடங்கு. பந்து மூன்று தடவை ஆடி நிற்கும் வரை பி பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதால் ஒரு பயனும் இல்லை. நானும் அழுத்துவேன்.

மேல் மாடிகளில் எப்போதாவது ஹாண்டரே நேரடியாக வரும். அதற்குக் கேட்ச் ரேட் 90தான். கிடைத்தால் சரி, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆறாவது மாடிப் படிக்கட்டருகே வழிமறிக்கும் பேயை மட்டும் பிடிக்க முயலாதீர்கள். ஸ்கோப் வழியாகப் பார்த்தால் அது ஒரு மரோவாக், இறந்துபோன தாய். அதைச் சாந்தப்படுத்தினால்தான் ஏழாவது மாடிக்கு வழி.

படி 6: பெயர்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரை மாற்றித் தரும் நேம் ரேட்டர் லாவெண்டர் டவுனிலேயே இருக்கிறார், ஆனால் இன்னொருவர் பிடித்த போகிமானின் பெயரை அவர் தொடமாட்டார். அடுத்து டிரேடு வேறு வரப்போகிறது, அதனால் இப்போதே வையுங்கள். ஆங்கில எழுத்தில் பத்துக்குள் அடங்க வேண்டும். உடம்பெல்லாம் வாயு என்பதால் நான் 'புகையன்' என்று வைத்தேன்.

படி 7: வளர்ப்பது, கைமாற்றுவது

லெவல் 25இல் கேஸ்ட்லி ஹாண்டர் ஆகும். அதுவரை கொஞ்சம் தாங்க வேண்டும், ஓரடி பட்டாலே விழுந்துவிடும் உடம்பு. முன்வரிசையில் நிறுத்தி, முதல் சுற்றிலேயே வேறு ஆளை மாற்றிவிட்டால் பாதி அனுபவப் புள்ளி வந்து சேரும்.

ஹாண்டர் எத்தனை லெவல் ஏறினாலும் தானாக ஜெங்கார் ஆகாது. லிங்க் கேபிளோ வயர்லெஸ் அடாப்டரோ வைத்து இன்னொருவருக்கு டிரேடு செய்ய வேண்டும். போகிமான் சென்டரின் மாடியில் அதற்கான இடம் உண்டு. கைமாறிய அந்த நொடியில் மாற்றம் நடக்கும். ஹாண்டர் கையில் எவர்ஸ்டோன் என்ற கல் இருந்தால் நடக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் 2022இல் வந்த லெஜண்ட்ஸ்: ஆர்சியஸில் இதற்கென்றே லிங்கிங் கார்ட் என்ற பொருளைக் கொடுத்துவிட்டார்கள். ஃபயர்ரெட்டில் அந்தச் சலுகை கிடையாது, ஆள் வேண்டும். அதுவும் திருப்பித் தருகிற ஆள். என் நண்பன் "பரீட்சை முடிஞ்சதும் தர்றேன்டா" என்று சொல்லி ஒரு மாதம் வைத்துக்கொண்டான்.

படி 8: என்ன கற்றுக்கொடுப்பது

ஷேடோ பால் வேண்டாம். பெயரைப் பார்த்துப் பேய்க்குப் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் ஃபயர்ரெட்டில் கோஸ்ட் தாக்குதல் எல்லாம் சாதாரண அட்டாக் எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஜெங்காருக்கு அட்டாக் 65, ஸ்பெஷல் அட்டாக் 130. பாதி பலத்தை வீணடிப்பானேன்?

ஸ்பெஷலில் ஓடும் தாக்குதல்கள் கொடுங்கள். சைக்கிக் தாக்குதலைக் கற்றுத்தரும் டிஎம் சாஃப்ரான் நகரில் ஒரு வீட்டில் இலவசம். நகரக் காவலர்களுக்கு டீ கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள், டீ செலடான் மேன்ஷனில் ஒரு பாட்டி தருவார். தண்டர்போல்ட் கேம் கார்னரில் 4000 காயின். காசு கொடுத்து வாங்கினால் 80,000 ஆகும், யோசித்துச் செய்யுங்கள்.

சாஃப்ரானிலேயே சப்ரினா ஜிம் இருக்கிறதே, பேய் சைக்கிக்கை ஜெயிக்குமே என்று நேராக அங்கே கூட்டிப் போகாதீர்கள். ஜெங்காரில் பாய்சனும் இருப்பதால் சைக்கிக் அதற்கு இரண்டு மடங்கு வலிக்கும். அவருடைய ஆலகசாமின் வேகம் 120, ஜெங்காருக்கு 110. முந்திக்கொண்டு ஒரே அடி.

ஃப்யூஷியாவில் இருக்கும் கோகாவிடம் போங்கள். விஷ ஜிம் அது. அவருடைய விஷமேற்றும் டாக்ஸிக் பாய்சன் வகைமேல் பிடிக்காது, நம் சைக்கிக் அவர்களுக்கு இரண்டு மடங்கு. கோஃபிங் இரண்டு வைத்திருப்பார், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் செல்ஃப்டெஸ்ட்ரக்ட் போட்டு நம்மையும் இழுத்துக்கொண்டு போகும் வகை. ஆனால் அது நார்மல் தாக்குதல். அன்றைக்குத் திரை முழுக்க வெடித்து அடங்கியபோது கோஃபிங் கீழே கிடந்தது. புகையனின் பட்டை ஒரு புள்ளிகூட நகரவில்லை.