அலுவலக ரகசிய ஆவணங்களை முறையாக அழிப்பது எப்படி?

எடைக்குப் போட்ட அலுவலகத் தாள்கள் எல்லாம் நேராகக் காகித ஆலைக்குப் போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது. யாருடைய ஆதார் நகலிலோ பஜ்ஜியை வைத்து மடித்துக் கொடுக்கும் டீக்கடைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆடிட்டர் அலுவலகத்திலோ சிறு நிறுவனத்திலோ ஆவணங்களை அழிக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதல் படி, எதை அழிக்கலாம் என்று முடிவு செய்வது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்குரிய வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளையோ, அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால், காலம் முடிந்த கோப்பையும் தொடாதீர்கள். மீதியைப் பட்டியலிட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்குங்கள்.

அடுத்தது ஷ்ரெடர், அதாவது தாள்களைத் துண்டுகளாக வெட்டும் இயந்திரம். விலை குறைவு என்பதற்காக, தாளை நீளக் கீற்றுகளாக மட்டும் வெட்டும் வகையை வாங்காதீர்கள். 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அப்படி வெட்டப்பட்டுக் கிடந்த ஆவணங்களை ஈரானியர்கள் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துப் புத்தகங்களாகவே வெளியிட்டார்கள். குறுக்கிலும் வெட்டும் கிராஸ் கட் வகையில், பி-4 (P-4) என்ற பாதுகாப்பு நிலை குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாது, அதாவது ஏறத்தாழ 4 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் இருக்கும். சம்பளப் பட்டியல், பான் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றுக்கு இது போதுமானது.

தாளை எந்தப் பக்கமாக நுழைக்கிறோம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எழுத்து வரிகள் வெட்டுக்குக் குறுக்காக அமைய வேண்டும். அகலவாக்கில் அச்சிட்ட எக்செல் தாளைக் குறுகிய பக்கமாக நுழைத்தால், பெயரும் கணக்கு எண்ணும் ஒரே துண்டில் அடுத்தடுத்துத் தங்கிவிடக்கூடும். அத்தகைய தாளைத் திருப்பி நீளப் பக்கமாக நுழையுங்கள், வாய் அகலம் போதாவிட்டால் இரண்டாகக் கிழித்துத் திருப்பி விடுங்கள். ஜெம் கிளிப்பையும் பிளாஸ்டிக் உறையையும் முன்பே அகற்றுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, துப்பட்டா, தளர்ந்த கூந்தல் ஆகியவை இயந்திரத்தின் வாய்க்கு அருகே வரக் கூடாது.

என் அனுபவத்தில், ரகசியம் கசிவது பெரும்பாலும் இயந்திரத்துக்கு வருவதற்கு முன்புதான். பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று ரஃப் பேப்பராக ஒதுக்கிய ஜெராக்ஸ் தாள்கள், பிரின்டர் தட்டில் மறந்துவிட்ட நகல்கள், மேசைக்கடியில் திறந்து கிடக்கும் அட்டைப்பெட்டி ஆகியவற்றை யாரும் ரகசியமாகக் கருதுவதில்லை. ரஃப் பேப்பர் அடுக்கை இன்றே எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டிய தாள்களை, மேலே துளையிட்ட பூட்டிய பெட்டியில் மட்டுமே சேர்த்து, சாவியை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பிளேடுகளுக்கு ஷ்ரெடர் எண்ணெயை மட்டுமே விட வேண்டும். எரியக்கூடிய வாயு கொண்ட ஸ்பிரே தீவிபத்தை உண்டாக்கும். வெட்டிய துண்டுகளை நன்றாகக் கலந்து மறுசுழற்சிக்கு அனுப்பிய பின், அழித்த தேதி, ஆவண வகை, செய்தவர், உடனிருந்த சாட்சி ஆகிய விவரங்களைப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.